கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் நிரல்

இணையப் புத்தகக் கடை ஒன்றில் ‘ஆர்டர் செய்’ என்ற பொத்தானை அழுத்தியதும் சர்வரில் ஓடும் நிரலின் ஒரு பகுதி வேலையைத் தொடங்குகிறது. அதை ஆர்டர் சேவை என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்க்க, தரவுத்தளத்தோடு பேசும் கையிருப்புப் பகுதி அதற்கு வேண்டும். பணம் வாங்க பேமென்ட் கேட்வே வேண்டும். வாங்கியவருக்கு ரசீது அனுப்ப மின்னஞ்சல் பகுதி வேண்டும். நடந்ததையெல்லாம் குறித்துவைக்க ஒரு பதிவேடு வேண்டும். நான்கும் தனித்தனியாக எழுதப்பட்ட நிரல் துண்டுகள். இவற்றை ஆர்டர் சேவையின் கையில் யார் கொண்டுவந்து கொடுப்பது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ஜாவாக்காரர்களும் டாட் நெட்காரர்களும் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

எளிய வழி ஒன்று உண்டு. ஆர்டர் சேவையே தனக்கு வேண்டியதை உருவாக்கிக்கொள்ளலாம். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் ‘நியூ’ என்று எழுதினால் போதும், ஒரு கிளாஸிலிருந்து புதிய ஆப்ஜெக்ட் கிடைத்துவிடும். நிரல் எழுதக் கற்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சிறிய நிரலில் அதில் குறை ஒன்றும் இல்லை. நிரல் வளரும்போதுதான் சிக்கல். பேமென்ட் கேட்வேயை உருவாக்குவதென்றால் அதன் ரகசியச் சாவி எது, எந்த முகவரியில் தொடர்புகொள்வது, பதில் வராவிட்டால் எத்தனை விநாடி காத்திருப்பது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆர்டரைக் கவனிக்க வந்த கிளாஸுக்கு இந்த விவரங்கள் எதற்கு? நாளைக்கு வேறொரு கேட்வேக்கு மாறினால், பணம் வாங்கும் ஒவ்வொரு கிளாஸையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை டெஸ்ட் எழுதும்போது வருகிறது. ‘கையிருப்பில் இல்லாத புத்தகத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது’ என்பது கடையின் விதி. அதைச் சோதித்துப் பார்க்க ஆர்டர் சேவையை இயக்கினால், அது தனக்குள்ளேயே உண்மையான கேட்வேயை உருவாக்கிக்கொண்டு உண்மையான வங்கியோடு பேசப் போய்விடும். நடுவில் போலி கேட்வே ஒன்றை நுழைக்க இடமே இல்லை.

தீர்வு மிக எளிமையானது. ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போது முதலில் ஓடும் பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். ஆர்டர் சேவை எதையும் தானே உருவாக்காமல், ‘எனக்கு ஒரு கையிருப்பு, ஒரு கேட்வே, ஒரு மின்னஞ்சல் பகுதி, ஒரு பதிவேடு வேண்டும்’ என்று கன்ஸ்ட்ரக்டரில் கேட்டுவிடுகிறது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுவார். எந்தக் கடை, என்ன விலை என்பதெல்லாம் வீட்டார் பாடு. அதேபோல, கேட்பது ஆர்டர் சேவையின் வேலை, கொண்டுவந்து தருவது வெளியே இருப்பவரின் வேலை. டெஸ்ட் எழுதுபவர் போலி கேட்வேயைக் கொடுக்கலாம். கடையை நடத்துபவர் உண்மையானதைக் கொடுக்கலாம். ஆர்டர் சேவையின் நிரலில் ஒரு எழுத்தும் மாறாது.

இதுதான் டிபென்டென்சி இன்ஜெக்ஷன். மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. எண்ணம் அதற்கு முந்தையது. மேல்நிலைக் கொள்கைகள் கீழ்நிலை விவரங்களைச் சார்ந்திருக்கக் கூடாது என்று ராபர்ட் மார்ட்டின் 1996-லேயே சி பிளஸ் பிளஸ் ரிப்போர்ட் இதழில் எழுதியிருந்தார். 2002-ல் ராட் ஜான்சன், ஜாவாவில் நிறுவன மென்பொருள் எழுதுவது பற்றி ஒரு பருமனான புத்தகம் போட்டார். அப்போது நடைமுறையில் இருந்த பெரிய பெரிய சர்வர் ஏற்பாடுகள் தேவைக்கு மீறிய சுமை என்று வாதிட்ட புத்தகம் அது. வெறும் வாதமாக விடாமல் சுமார் 30,000 வரி நிரலையும் அதோடு கொடுத்திருந்தார். வாசகர்களில் யுர்கன் ஹோலரும் யான் காரோஃபும் அதைத் திறந்த மூலமாக வளர்க்கலாம் என்று அவரை இணங்கவைத்தார்கள். அப்படி வளர்ந்த ஸ்பிரிங்கின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வெளிவந்தது. இன்று ஜாவாவில் இணையச் செயலி எழுதுபவர்களில் ஸ்பிரிங்கைத் தொடாதவரைப் பார்ப்பது அரிது.

தன் வேலையைப் பார்க்கும் கிளாஸ் எளிமையாகிவிட்டது, சரி. ஆனால் உருவாக்கும் வேலை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நிரல் தொடங்கும் இடத்தில் யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்த வேண்டும். முதலில் அமைப்பு விவரங்களைப் படி. அவற்றைக் கொண்டு தரவுத்தள இணைப்பை உருவாக்கு. இணைப்பைக் கொண்டு கையிருப்பை உருவாக்கு. அமைப்பு விவரங்களையும் பதிவேட்டையும் கொண்டு கேட்வேயை உருவாக்கு. கடைசியில் ஆர்டர் சேவை. இதில் வரிசை முக்கியம். கையிருப்புக்கு முன்னால் தரவுத்தள இணைப்பு வந்தாக வேண்டும். பத்து கிளாஸ் என்றால் இதைக் கையாலேயே எழுதிவிடலாம், எழுதுவதுதான் நல்லது என்றும் நினைக்கிறேன். ஐந்நூறு கிளாஸ் உள்ள செயலியில், யாரோ ஒரு கன்ஸ்ட்ரக்டரில் ஒரு தேவையைக் கூட்டும்போதெல்லாம் இந்த நீண்ட பொருத்தல் நிரலைத் திறந்து சரியான இடத்தில் ஒரு வரியைச் செருக வேண்டும். யோசிக்க எதுவும் இல்லாத, ஆனால் தவறு செய்ய இடம் நிறைய உள்ள வேலை. இயந்திரத்திடம் விட வேண்டியது இப்படிப்பட்டதைத்தான்.

இயந்திரம் இதை எப்படிச் செய்கிறது? ஒவ்வொரு கிளாஸையும் ஒரு புள்ளியாக வரைந்து, ஒன்றுக்கு எது தேவையோ அதை நோக்கி ஒரு அம்பு போட்டால் ஒரு வலைப்படம் கிடைக்கும். எந்தத் தேவையும் இல்லாத புள்ளிகளை முதலில் எடுத்து, அவற்றை மட்டும் நம்பியிருப்பவற்றை அடுத்து எடுத்து, இப்படியே மேலே போனால் சரியான வரிசை தானாக வந்துவிடும். ஆர்தர் கான் இந்த முறையை 1962-ல் வெளியிட்டார். அப்போது இணையமே கிடையாது. பெரிய திட்டங்களில் எந்தப் பணி முடிந்தால் எந்தப் பணியைத் தொடங்கலாம் என்று காட்டும் பெர்ட் வரைபடங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்துவதே அவருடைய கவலை. கணினி அறிவியலில் இதை இடவியல் வரிசையாக்கம் என்கிறார்கள்.

இணையச் செயலிகளில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குக் கண்டெய்னர் என்று பெயர். அது இதே வரிசையைத் தலைகீழாக நடந்து கண்டுபிடிக்கிறது. ‘ஆர்டர் சேவை ஒன்று கொடு’ என்று கேட்டால், முன்பே உருவாக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஆர்டர் சேவையின் கன்ஸ்ட்ரக்டரைப் படிக்கும். அங்கே கேட்டிருக்கும் நான்கு பொருள்களில் ஒவ்வொன்றுக்கும் தன்னிடமே இதே கேள்வியைத் திரும்பக் கேட்டுக்கொள்ளும். கையிருப்பு வேண்டுமா, அதன் கன்ஸ்ட்ரக்டரைப் படி. தரவுத்தள இணைப்பு வேண்டுமா, அதன் கன்ஸ்ட்ரக்டரைப் படி. எதுவும் கேட்காத கிளாஸ் ஒன்று தட்டுப்பட்டதும் அதை உருவாக்கிவிட்டு வந்த வழியே மேலேறும். தேர்ந்த நிரலாளர் ஒருவர் இதன் சாரத்தை இருபது முப்பது வரிகளில் எழுதிவிடலாம். கண்டெய்னர் ஏதோ மாயம் செய்கிறது என்று மிரள்பவர்களை ஒருமுறை அப்படிச் சின்னதாக ஒன்று எழுதிப் பார்க்கச் சொல்வேன். மிரட்சி போய்விடும்.

நடந்துகொண்டே போகும்போது வட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆர்டர் சேவைக்கு மின்னஞ்சல் பகுதி வேண்டும், மின்னஞ்சல் பகுதிக்கு வாடிக்கையாளர் சேவை வேண்டும், வாடிக்கையாளர் சேவைக்கு ஆர்டர் சேவை வேண்டும் என்றால் எதை முதலில் உருவாக்குவது? ‘இப்போது உருவாக்கிக்கொண்டிருப்பவை’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும் கண்டெய்னர், அதே பெயர் இரண்டாம் முறை வந்ததும் நின்று பிழை சொல்லிவிடும். ஸ்பிரிங் நெடுநாள் இதில் தாராளமாக இருந்தது. கன்ஸ்ட்ரக்டர் வழியாக அல்லாமல் பின்னால் நிரப்பப்படும் தேவைகள் என்றால், பாதி கட்டிய ஆப்ஜெக்டுகளை ஒன்றுக்கொன்று கொடுத்து எப்படியோ வட்டத்தை முடித்துவைத்தது. ஸ்பிரிங்கின் மேல் கட்டப்பட்ட ஸ்பிரிங் பூட்டின், 2021 நவம்பரில் வந்த 2.6 பதிப்பு அதை இயல்பு நிலையில் தடைசெய்தது. வேண்டுமென்றால் ஒரு அமைப்பை மாற்றி மீண்டும் அனுமதிக்கலாம். தடை சரியான முடிவு. மூன்று கிளாஸ்கள் வட்டமாக ஒன்றையொன்று கேட்கின்றன என்றால் பெரும்பாலும் அவற்றுக்குள் நான்காவதாக ஒரு கிளாஸ் பிரிந்து வரக் காத்திருக்கிறது. கருவி சமாளித்துக் கொடுத்தால் அதை யாரும் பிரிக்கப்போவதில்லை.

இவ்வளவு நேரம் ‘கன்ஸ்ட்ரக்டரைப் படிக்கும்’ என்று சுலபமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னுடைய கன்ஸ்ட்ரக்டரையே எப்படிப் படிக்கும்? தானியக்கத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் பிஎச்பியிலும் ரிஃப்ளெக்‌ஷன் என்ற வசதி உண்டு. ஒரு கிளாஸைப் பார்த்து ‘உன் கன்ஸ்ட்ரக்டர் என்னென்ன வகைகளைக் கேட்கிறது?’ என்று நிரல் ஓடும்போதே விசாரிக்கலாம். இருந்தாலும் ஸ்பிரிங்கின் தொடக்க ஆண்டுகளில் இணைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதுவதே வழக்கமாக இருந்தது. நிரலில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றிவிட்டு எக்ஸ்எம்எல்லில் மாற்ற மறந்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது. சர்வரை எழுப்பும்போதுதான் அது விழும். 2007-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. கூகுளில் பாப் லீ எழுதிய ஜூஸ் அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. எக்ஸ்எம்எல்லே இல்லாமல் ஜாவா நிரலிலேயே இணைப்புகளைச் சொல்லும் முறை அதனுடையது. ஆண்டு இறுதியில் வந்த ஸ்பிரிங் 2.5, ‘ஆட்டோவயர்டு’ என்ற குறிப்பை இட்டால் கண்டெய்னரே வகையைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2009-ல் ராட் ஜான்சனும் பாப் லீயும் சேர்ந்து முன்னெடுத்த ஜேஎஸ்ஆர் 330 இந்தக் குறிப்புகளை ஜாவாவுக்குப் பொதுவான தரமாக்கியது. 2016-ல் ஸ்பிரிங் 4.3 இன்னொரு அடி எடுத்துவைத்தது: ஒரே ஒரு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் குறிப்பே தேவையில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டின் கதை இதிலிருந்து முற்றிலும் வேறு. அந்த மொழியில் ஒரு ஃபங்ஷன் கேட்கும் பொருளுக்கு வகை என்று எதுவும் எழுதப்படுவதில்லை, பெயர் மட்டும்தான். 2012 ஜூனில் 1.0 பதிப்பாக வந்த ஆங்குலர்ஜேஎஸ், உலாவியில் ஓடும் நிரலுக்கும் தானியங்கி இணைப்பைக் கொண்டுவர விரும்பியது. அதை முன்னின்று உருவாக்கியவர் மிஷ்கோ ஹெவரி. டெஸ்ட் எழுத இடங்கொடுக்கும் நிரலைப் பற்றி கூகுளில் விடாமல் பேசிவந்தவர். அவர்கள் கண்ட வழி துணிச்சலானது. ஜாவாஸ்கிரிப்ட்டில் எந்த ஃபங்ஷனையும் எழுத்தாக மாற்றிக் கேட்டால் தன் மூல நிரலையே திருப்பித் தரும். ஆங்குலர்ஜேஎஸ் அந்த எழுத்தை வாங்கி, நடுவில் இருக்கும் குறிப்புரைகளைக் களைந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்களைப் பிரித்தெடுத்தது. அங்கே ‘ஹெச்டிடிபி’ என்று பெயர் இருந்தால், சர்வரோடு பேசும் சேவையைக் கொண்டுவந்து கொடுத்தது. தனக்கு வேண்டியதை ஃபங்ஷன் பெயர் சொல்லிக் கேட்டால் போதும். வேறு எந்த ஏற்பாடும் வேண்டாம். முதன்முறை பார்த்தவர்கள் வியந்துபோனார்கள்.

வியப்பு பெரும்பாலும் நிரலை மக்களுக்கு வெளியிடும் நாள் வரைதான் நீடித்தது. உலாவிக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டைச் சிறிதாக்க, ஒரு கருவி அதன் இடைவெளிகளை நீக்கி, நீளமான பெயர்களை ‘ஏ’, ‘பி’ என்று ஓரெழுத்தாகச் சுருக்குவது வழக்கம். ஃபங்ஷனுக்குள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றுவதால் நிரலின் பொருள் மாறாது என்பது அந்தக் கருவியின் நம்பிக்கை. ஆனால் ஆங்குலர்ஜேஎஸ் அந்தப் பெயரையே கோரிக்கையாகப் படித்துக்கொண்டிருந்தது. சுருக்கிய நிரலில் ஃபங்ஷன் ‘ஏ’ என்ற சேவையைக் கேட்டது. அப்படி ஒரு சேவையை யாரும் பதிவுசெய்திருக்கவில்லை. எழுதியவரின் கணினியில் சுருக்காத நிரல் நன்றாக ஓடும். வெளியிட்ட தளத்தில் வெள்ளைப் பக்கம் தெரியும்.

மாற்றுவழி இருந்தது. பெயர்களை மேற்கோளுக்குள் எழுத்துச் சரங்களாக ஒரு அணியில் வரிசையாக எழுதி, அதன் கடைசியில் ஃபங்ஷனை வைக்கலாம். சரங்களைச் சுருக்கும் கருவி தொடாது. ஆனால் ஒவ்வொரு தேவையையும் இரண்டு இடத்தில், அதே வரிசையில் எழுத வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் ஆள் மாறிப் பொருள் போய்ச் சேரும். இதையும் தானாக எழுதிக்கொடுக்க என்ஜி அனோட்டேட் போன்ற கருவிகள் வந்தன. பின்னர் 1.3 பதிப்பில், பெயரை ஊகித்துப் படிப்பதையே அடியோடு மறுக்கும் கண்டிப்பான முறையும் சேர்ந்தது. அதை இயக்கிவிட்டால் தவறு எழுதியவரின் மேசையிலேயே பிடிபடும். 2016 செப்டம்பரில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு வந்த ஆங்குலர் 2, ஜாவாஸ்கிரிப்ட்டோடு வகைகளையும் எழுத இடம் தரும் டைப்ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொண்டு, பெயரை விட்டு வகையைப் படிக்கத் தொடங்கியது. அங்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் டைப்ஸ்கிரிப்ட்டின் இன்டர்ஃபேஸ்கள் ஜாவாஸ்கிரிப்ட்டாக மாறும்போது சுவடில்லாமல் மறைந்துவிடும். ஓடும் நேரத்தில் இல்லாத ஒன்றைக் கண்டெய்னர் தேட முடியாது என்பதால் அதற்கென்று தனியாக ஒரு அடையாளத்தை உருவாக்கித் தர வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் நான் காண்பது ஒன்றுதான். கண்டெய்னர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பது இரண்டாம்பட்சம். நிரல் தன் தேவையை எவ்வளவு வெளிப்படையாக, எவ்வளவு உறுதியான எழுத்தில் சொல்கிறது என்பதே தானியக்கம் எத்தனை தூரம் கைகொடுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெயரை ஊகித்தபோது தவறு வாடிக்கையாளரின் திரையில் வெளிப்பட்டது. வகையைப் படித்தபோது சர்வரை எழுப்பும் நேரத்தில் வெளிப்பட்டது. இன்னும் முன்னால் கொண்டுபோகவும் வழி இருக்கிறது; அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

வகையைச் சொன்னால்கூட இயந்திரத்தால் தீர்மானிக்க முடியாதவை உண்டு. பேமென்ட் கேட்வே என்ற இன்டர்ஃபேஸுக்கு அட்டை வழி ஒன்று, யூபிஐ வழி ஒன்று என இரண்டு கிளாஸ்கள் இருந்தால் எதைக் கொடுப்பது? ஸ்பிரிங் கையை விரித்துவிடும். ஒன்றை ‘பிரைமரி’ என்று குறிக்க வேண்டும், அல்லது கேட்கும் இடத்திலேயே இன்னது வேண்டுமென்று அடையாளம் சொல்ல வேண்டும். இது சிறிய விஷயம். குழப்பம் வந்த இடத்திலேயே பிழைச்செய்தி வந்துவிடுகிறது.

சத்தமில்லாமல் கெடுப்பது ஆயுள்காலம். உருவாக்கிய ஆப்ஜெக்ட் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும்? 2016-ல் வந்த ஏஎஸ்பி டாட் நெட் கோர், கண்டெய்னரை ஃபிரேம்வொர்க்குக்குள்ளேயே வைத்து, பதிவுசெய்யும் ஒவ்வொரு சேவைக்கும் மூன்றில் ஒரு ஆயுளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கேட்கும்போதெல்லாம் புதிது என்பது டிரான்சியன்ட். ஒரு வலைக் கோரிக்கை தொடங்கி முடியும் வரை ஒன்று என்பது ஸ்கோப்டு. செயலி ஓடும் காலம் முழுக்க ஒன்றே என்பது சிங்கிள்டன்.

நம் புத்தகக் கடையில், இப்போது உள்நுழைந்திருப்பவர் யார் என்ற விவரத்தை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக இருக்க வேண்டும், அது ஸ்கோப்டு. ஆர்டர் சேவையில் அப்படி எதுவும் மாறாதே, ஒன்று போதும் என்று நினைத்து ஒருவர் அதைச் சிங்கிள்டனாகப் பதிவுசெய்கிறார். சில மாதம் கழித்து இன்னொருவர், முகவரியை எடுக்க வசதியாக இருக்கும் என்று, ஆர்டர் சேவையின் கன்ஸ்ட்ரக்டரில் அந்த ‘இப்போதைய வாடிக்கையாளரை’ ஒரு தேவையாகச் சேர்க்கிறார். இருவரின் வரிகளும் தனியாகப் பார்த்தால் சரி. கண்டெய்னர் ஆர்டர் சேவையை ஒரே ஒரு முறை உருவாக்கும். முதல் கோரிக்கையில் வந்தவரின் விவரத்தை அதன் கையில் கொடுக்கும். அதோடு முடிந்தது. அடுத்து வரும் எல்லோருடைய புத்தகங்களும் அந்த முதல் ஆளின் முகவரிக்குப் போகத் தொடங்கும். கண்டெய்னர் ஆயுள்களைச் சரிபார்க்காவிட்டால், எழுதியவர் தன் கணினியில் தன்னந்தனியாகச் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான்.

டாட் நெட்டில் டிபென்டென்சி இன்ஜெக்ஷன் பற்றிய பெயர்பெற்ற புத்தகத்தை எழுதிய மார்க் சீமன் இதைச் சிறைப்பட்ட சார்பு என்ற பொருளில் பெயரிட்டு அழைத்தார். குறுகிய ஆயுள் கொண்டதை நெடிய ஆயுள் கொண்டது பிடித்துவைத்துக்கொள்கிறது. தரவுத்தள இணைப்பிலும் இதேதான் நடக்கும். டாட் நெட்டில் தரவுத்தளத்தோடு பேச உதவும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் டிபி கான்டெக்ஸ்ட் ஒரே நேரத்தில் பல இழைகள் பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்டதல்ல; அது சிங்கிள்டன் ஒன்றில் சிறைப்பட்டால், கூட்டம் கூடும் நேரத்தில் மட்டும் வந்து போகும் விளங்காத பிழைகளாக வெளிப்படும்.

இங்கேயும் மருந்து வெளிப்படையாகச் சொல்வதுதான். ஆயுள்கள் பதிவில் எழுதப்பட்டிருப்பதால், சிங்கிள்டன் ஒன்று ஸ்கோப்டு ஒன்றைக் கேட்கிறது என்பதைக் கண்டெய்னரே சரிபார்க்கலாம். ஏஎஸ்பி டாட் நெட் கோர் இந்தச் சோதனையை உருவாக்கச் சூழலில் இயல்பாகவே செய்கிறது. ஸ்பிரிங்கில் எல்லாமே இயல்பாகச் சிங்கிள்டன் என்பதால் அவர்கள் வேறு வழி கண்டார்கள். கோரிக்கைக்கு ஒன்றாக இருக்க வேண்டிய ஆப்ஜெக்டுக்குப் பதிலாக ஒரு பிரதிநிதியைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு அழைப்பின்போதும் அந்தப் பிரதிநிதி இப்போதைய கோரிக்கைக்கு உரியதைத் தேடிப் பிடித்து வேலையை அதனிடம் ஒப்படைக்கும். பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ கேள்வியையே சுருக்கிவிட்டது. அதில் ‘டிபென்ட்ஸ்’ என்று குறிக்கப்பட்ட தேவைகள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தீர்க்கப்படுகின்றன. அதே கோரிக்கைக்குள் இரண்டு இடங்களில் ஒரே தேவை வந்தால் ஒருமுறை கணக்கிட்டதையே இரண்டு இடத்துக்கும் தரும். சிறைப்படுவதற்கு அங்கே வழி மிகக் குறைவு. டெஸ்ட்டில் ஒரு தேவைக்குப் பதில் போலி ஒன்றை வைக்க ஒரே வரி போதும். கற்பவர்களுக்கு இந்த எண்ணத்தைச் சொல்லித்தர எனக்குப் பிடித்த கருவி இது.

இப்போது முன்பு பாதியில் விட்ட இடத்துக்கு வரலாம். சர்வர் எழும்போது கன்ஸ்ட்ரக்டர்களைப் படித்து வலைப்படத்தைக் கட்டுவதற்குப் பதிலாக, நிரலைக் கம்பைல் செய்யும்போதே கட்டிவிட்டால் என்ன? ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்தக் கேள்வி முதலில் அழுத்தமாக எழுந்தது. செயலியைத் திறந்ததும் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் நூற்றுக்கணக்கான கிளாஸ்களைத் துருவ நேரமில்லை. ஸ்கொயர் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட டாகரும், அதைத் தொடர்ந்து கூகுள் எழுதிய டாகர் 2-உம் கம்பைலரோடு சேர்ந்து வேலை செய்கின்றன. தேவைகளைப் படித்து, பொருத்தும் நிரலைச் சாதாரண ஜாவாவாகவே எழுதித் தள்ளிவிடுகின்றன. ஒரு தேவைக்கு ஆள் இல்லையென்றால் செயலி கம்பைலே ஆகாது.

இணையத்தின் பக்கம் பிஎச்பிக்கும் இதே நெருக்கடி வேறு காரணத்தால் வந்தது. வழக்கமான பிஎச்பி ஏற்பாட்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் செயலி முதலிலிருந்து தொடங்குகிறது. வலைப்படத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினால் செலவு கூடும். அதனால் சிம்ஃபொனி என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க் அதை ஒருமுறை கட்டி, பிஎச்பி கோப்பாகவே எழுதிச் சேமித்துக்கொள்கிறது. கோ மொழிக்குக் கூகுள் 2018-ல் வெளியிட்ட வயர் இன்னும் நேரடியானது. அது உருவாக்கும் கோப்பைத் திறந்து பார்த்தால், கவனமுள்ள ஒருவர் கையால் எழுதியிருக்கக்கூடிய அதே வரிகள், அதே வரிசையில் இருக்கும்: அமைப்பு, பிறகு இணைப்பு, பிறகு கையிருப்பு, கடைசியில் ஆர்டர் சேவை. படிக்கலாம், பிழை தேடலாம், வயரையே நீக்கிவிட்டு அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு தொடரலாம். தானியக்கத்தில் இதைவிட நேர்மையான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

ரிஃப்ளெக்‌ஷனையே நம்பி வளர்ந்த ஸ்பிரிங்கும் இந்தத் திசைக்குத் திரும்பியது. மேகச் சேவைகளில் தேவைக்கேற்பச் செயலிகளை நிமிடத்துக்கு நிமிடம் எழுப்பி அணைக்கும் காலம் வந்ததும், எழுந்து நிற்கவே பல விநாடி எடுத்துக்கொள்ளும் செயலி பாரமாயிற்று. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, கண்டெய்னரின் முடிவுகளைக் கட்டுமான நேரத்திலேயே நிரலாக எழுதிவைத்து, கிரால்விஎம் என்ற கருவி மூலம் நேரடி இயந்திர நிரலாக மாற்றும் வழியை அதிகாரபூர்வமாகத் திறந்தது. செயலி விநாடியின் ஒரு சிறு பங்கில் எழுந்துவிடும். அதற்கு விலை உண்டு: ரிஃப்ளெக்‌ஷனால் தொடப்போகும் கிளாஸ்கள் எவை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ஓடும்போது புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் முடியாது. கட்டுமானமும் நெடுநேரம் பிடிக்கும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் அன்றாட வேலையில் நான் வலியுறுத்துவது இதைத்தான்: தேவையைக் கன்ஸ்ட்ரக்டரில் கேளுங்கள். ஸ்பிரிங்கில் கிளாஸுக்குள் இருக்கும் புலத்தின் மேலேயே ‘ஆட்டோவயர்டு’ என்று எழுதிவிடுவது எத்தனையோ பாடங்களில் இன்னும் தொடர்கிறது. எழுதச் சுலபம்தான். ஆனால் அப்படி எழுதிய கிளாஸைக் கண்டெய்னர் இல்லாமல் உருவாக்கினால் உள்ளே எல்லாம் வெறுமையாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதற்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. ஸ்பிரிங் குழுவே கன்ஸ்ட்ரக்டர் வழியைத்தான் பரிந்துரைக்கிறது. கண்டெய்னரையே கிளாஸுக்குள் கொண்டுபோய், வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் மோசம். தேவைகள் அத்தனையும் நிரலின் உடலுக்குள் ஒளிந்துகொள்ளும். கன்ஸ்ட்ரக்டரில் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பன்னிரண்டு பொருள்களைக் கேட்கும் கிளாஸ் ஒரே பார்வையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அது ஒரு வேலை செய்யும் கிளாஸ் இல்லை, மூன்று நான்கு வேலைகளை ஒட்டிவைத்தது. தானியக்கம் பன்னிரண்டையும் சலிக்காமல் கொண்டுவந்து தரும். பிரிக்க வேண்டியது எழுதியவர்தான்.

எல்லாவற்றையும் கண்டெய்னரில் போடவும் வேண்டாம். ஒரு புத்தகம், ஒரு விலை, ஒரு முகவரி போன்ற தரவுகளைத் தாராளமாக ‘நியூ’ என்று எழுதி உருவாக்கலாம். அவற்றுக்குப் போலி தேவைப்படாது, மாற்று வடிவமும் கிடையாது.

வலைப்படம் முழுமையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டுமானத்தின்போதும் சரிபார்க்கும் ஒரு டெஸ்ட்டை, கம்பைல் நேரச் சோதனை இல்லாத செயலிகளிலெல்லாம் வைக்க வேண்டும். 2019-ல் வந்த டாட் நெட் கோர் 3.0 முதல், கண்டெய்னரைக் கட்டும்போதே பதிவுசெய்த சேவைகள் ஒவ்வொன்றுக்கும் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘வேலிடேட் ஆன் பில்ட்’ அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டு எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. வலைக் கோரிக்கைகளை வாங்கிக் கவனிக்கும் கண்ட்ரோலர்கள் இயல்பாகக் கண்டெய்னரில் பதிவாவதில்லை என்பதால் அவற்றின் தேவைகளை அது பார்க்காது. அவற்றையும் சேவைகளாகப் பதிவுசெய்யும்படி தனியாகச் சொல்ல வேண்டும். ‘இந்த ஃபங்ஷனை அழைத்து உருவாக்கிக்கொள்’ என்று லாம்டா ஒன்றைக் கொடுத்துப் பதிவுசெய்திருந்தால், அந்த லாம்டாவுக்குள் என்ன கேட்கப்படுகிறது என்பதைக் கண்டெய்னரால் எட்டிப்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட சேவைகளை டெஸ்ட்டில் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தால்தான் உண்டு. பழைய செயலி ஒன்றைக் கையிலெடுப்பவர், பதிவு நிரலைத் திறந்து இந்த லாம்டாக்களில் தேவையில்லாதவற்றைச் சாதாரண வகைப் பதிவுகளாக மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். மாற்றிய ஒவ்வொன்றையும் அடுத்த கட்டுமானத்திலிருந்து கண்டெய்னரே சரிபார்க்கத் தொடங்கிவிடும்.